பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பொட்டி: புளியரை ரோட்டில் நாலு வருஷம்

செங்கோட்டையில் எங்களுக்கு ரேடியோ செட், லைட் செட் தொழில். கார்த்திகை பிறந்துவிட்டால் சித்திரை முடிய, புளியரை வழியாக மலை ஏறி அந்தப் பக்கம் கேரளத்தில்தான் பிழைப்பு. ஆரியங்காவு, அச்சன்கோவில், தென்மலை, புனலூர் என்று ஒரு உற்சவம் முடிந்து அடுத்த உற்சவம். ஆடியில் இந்தப் பக்கம் அம்மன் கோயில் திருவிழாக்கள், எங்கள் ஊர்ப் பேச்சில் கொடை. எட்டுப் பேர் வாரக்கணக்கில் வெளியே கிடக்க வேண்டியிருப்பதால், ஒரு பழைய சுற்றுலா பஸ்ஸை வாங்கி, சீட்டைக் கழற்றிவிட்டு, எட்டுப் படுக்கை, ஒரு அடுப்படி, ஒரு கழிவறை என்று மாற்றிக்கொண்டோம். ஆட்களுக்கு இடம் கிடைத்தது, சாமானுக்கு இல்லாமல் போனது. அதற்காகக் கட்டியதுதான் பின்னால் வரும் மூடிய ட்ரெய்லர். பையன்கள் வைத்த பெயர் பொட்டி.

14 அடி நீளம், ஆறரை அடி அகலம், இரண்டு அச்சு, நாலு டயர். ஸ்பீக்கர் பெட்டிகள், ஆம்ப்ளிஃபயர், எல்.இ.டி. போர்டு, சக்கரம் வைத்த ஜெனரேட்டர், கேபிள் சுருள்கள் எல்லாம் அதற்குள். நாலு வருஷத்தில் பொட்டியோடு மட்டும் முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறோம். 2021-இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்று கொள்கை அறிவித்ததிலிருந்து, பஸ்ஸை வீடாக மாற்ற நினைப்பவர்கள் டீக்கடையில் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து விசாரிக்கிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது, "இழுக்குமா?" இழுக்கும். பத்து டன்னுக்கு மேல் இருக்கிற பஸ்ஸுக்கு இரண்டரை டன் பொட்டி ஒரு பொருட்டே இல்லை. ஏற்றத்தில் ஒரு கியர் கூடுதலாகக் குறைக்க வேண்டும், லிட்டருக்கு ஐந்து கொடுத்தது நாலே காலாகிவிட்டது, அவ்வளவுதான். நிற்குமா, நேராக வருமா என்று யாரும் கேட்பதில்லை. எனக்குத் தலைவலி கொடுத்தவை அந்த இரண்டும்தான்.

கொக்கியிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் பஸ்ஸுக்கு இன்ஜின் முன்னால். பின் டயருக்குப் பின்னால் மூன்று மீட்டர் வால் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலில் முக்கால்வாசி பாடி கட்டும் பட்டறையில் வைத்த இரும்பு, வண்டியின் அடிச்சட்டமான சேஸ் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. முதலில் பார்த்த பட்டறைக்காரர் பின் பம்பருக்குள் இருக்கும் சட்டத்திலேயே கொக்கியை வெல்டு வைத்துத் தருகிறேன் என்றார். நல்லவேளை, பெரியப்பா கூட வந்திருந்தார். முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். கீழே படுத்துப் பார்த்துவிட்டு, "இது சாமி படம் மாட்டுற ஆணிடே, இதுல ஆனையக் கட்டப் போறியா?" என்றார். அப்புறம் வேறு பட்டறையில் சேஸின் இரண்டு நீளச் சட்டத்திலிருந்தும் சி-சேனல் இழுத்து, போல்ட் போட்டு, குறுக்கே கனத்த தகடு வைத்துக் கொக்கி பொருத்தினோம்.

வால் நீளமாக இருப்பதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பொட்டியின் மூக்கு, அதாவது கொக்கியில் மாட்டும் முன்முனை, 290 கிலோ அழுத்துகிறது என்று வையுங்கள். எங்கள் வீல்பேஸ், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம், 222 இஞ்ச். மூன்று மீட்டர் பின்னால் தள்ளி அழுத்துவதால் பின் அச்சில் ஏறுவது 290 அல்ல, கிட்டத்தட்ட 440 கிலோ. முன் அச்சிலிருந்து 150 கிலோ தூக்கப்பட்டுவிடும். சீசா மாதிரிதான். பஸ்ஸை வீடாக மாற்றுகிறவர்கள் தண்ணீர்த் தொட்டியையும் பேட்டரியையும் பின்னால்தான் வைப்பார்கள். நாங்களும் அப்படித்தான் வைத்திருந்தோம், ஸ்டீயரிங் பட்டம் மாதிரி லேசாக இருந்தது. தொட்டியை முன் படிக்கட்டுக்குப் பக்கத்தில் மாற்றிய பிறகுதான் கைக்குக் கனம் வந்தது.

இப்போது பிரேக். முதல் வருஷம் பொட்டியில் இருந்தது தள்ளு பிரேக். பஸ் வேகம் குறைந்தால் பொட்டி முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலே ஒரு கம்பியை அழுத்திப் பொட்டியின் பிரேக்கைப் பிடிக்கும். வயரும் வேண்டாம், ஹோஸும் வேண்டாம். சமதளத்தில் அருமையாக வேலை செய்தது. அந்த மார்கழியில் ஆரியங்காவு கோயில் திருக்கல்யாணம் முடிந்து புனலூருக்கு இறங்கினோம். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போகக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். நானும் மூன்றாவது கியரில், புகை போகும் வழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, நிதானமாகத்தான் போனேன். கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்துக்குப் பக்கத்தில் டீக்கு நிறுத்தினால் பிரேக் லைனர் கருகும் வாடை. பஸ் டயர்களில் கை வைத்தேன், வெதுவெதுப்பு. பொட்டியின் ஹப் பக்கம் கை கொண்டுபோகவே முடியவில்லை. சக்கரத்துக்குள்ளிருந்து நூல் மாதிரி புகை. பையன் ஒருவன் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தான், திட்டித் திருப்பி அனுப்பினேன். சூடான டிரம்மில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

ஊருக்கு வந்து சொன்னதும் பெரியப்பா உடனே பிடித்துவிட்டார். "பஸ்ஸு இன்ஜினால நிக்கி, பொட்டிக்கு இன்ஜின் ஏது? நீ எக்ஸாஸ்ட் போடப் போட அது தள்ளிக்கிட்டே இருக்கும். தள்ளத் தள்ள லைனரத் திங்கும்." நான் பிரேக்கை மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு, இறக்கம் முழுக்கப் பொட்டியின் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கியிருக்கிறேன். மலை ரோடும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் உள்ள வண்டிக்குத் தள்ளு பிரேக் சரிப்படாது என்பது என் தீர்மானம். சமவெளியிலேயே சுற்றுகிறவர்களுக்குப் போதும்.

அடுத்த எஃப்.சி.க்கு (வண்டித் தகுதிச் சான்று) முன்னால் அதைக் கழற்றிவிட்டு, காற்றழுத்தத்தில் பிடிக்கும் ஏர் பிரேக் வைத்தோம். பஸ்ஸில் ஏற்கெனவே ஏர் இருக்கிறது, அங்கிருந்து இரண்டு ஹோஸ். சிவப்பு ஹோஸ் பொட்டியின் ஏர் டேங்கை நிரப்பும். மஞ்சள் ஹோஸ் நாம் மிதிக்கும்போது பிடிக்கச் சொல்லும். இதன் அழகு என்னவென்றால், கொக்கி விட்டுப்போய்ச் சிவப்பு ஹோஸ் அறுந்தால், டேங்கில் இருக்கும் ஏர் தானாகவே பிரேக்கில் இறங்கி பொட்டி நின்றுவிடும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் முற்றத்திலேயே சிவப்பு ஹோஸைக் கழற்றிப் பார்ப்போம். புஸ்ஸென்று சத்தம் வந்து, பஸ்ஸை மெதுவாக நகர்த்தினால் பொட்டி அசையக் கூடாது. ஆனால் இரவு முழுக்க நிறுத்திவைக்க ஏரை நம்பாதீர்கள், மெல்லக் கசிந்து இறங்கிவிடும். டயருக்குக் கட்டை கொடுத்தே ஆக வேண்டும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கொக்கிக்குக் கீழே குறுக்காக மாட்டுகிறோம். மூக்கு விழுந்தால் சங்கிலியில் விழும், தார் ரோட்டில் குத்தாது.

டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் பொட்டிக்கு மட்டும் தனியாக ஒரு ஏர் லீவர் வைக்கச் சொன்னேன். பட்டறையில், "எதுக்கு அண்ணாச்சி வீண் செலவு?" என்றார்கள். அடுத்த ஆடியில் அது எதற்கென்று தெரிந்தது.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆரியங்காவுக் கணவாயை ஒட்டிய ஊர்க்காரனுக்கு அது வெறும் பழமொழி இல்லை. மேற்கிலிருந்து அந்தச் சந்துக்குள் புகுந்து வரும் காற்று செங்கோட்டையிலும் தென்காசியிலும் ஆளையே தள்ளும். கடையநல்லூர் வழியாக ராஜபாளையம் போகும் ரோடு வடக்கே ஓடுகிறது, காற்று இடது விலாவில் அடிக்கும். மூடிய பொட்டி என்பது காற்றுக்கு ஒரு சுவர். அன்றைக்கு ஒரு கொடை முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தோம், அறுபத்தைந்தில். கடையநல்லூர் தாண்டி ஒரு ஆம்னி பஸ் வலப்பக்கம் உரசுகிற மாதிரி ஏறிப்போனது. ஸ்டீயரிங்கில் முதலில் ஒன்றும் தெரியவில்லை, இடுப்பில்தான் தெரிந்தது. யாரோ சீட்டை இடமும் வலமும் மெதுவாகத் தள்ளுகிற மாதிரி. கண்ணாடியில் பார்த்தால் பொட்டியின் வலது மூலை தெரிகிறது, மறைகிறது, தெரிகிறது. பின் படுக்கையிலிருந்து ஒருவன், "அண்ணாச்சி, பொட்டி ஆடுது!" என்று கத்தினான். என் கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விட்டது. பஸ் குறைந்தது, ஆட்டம் கூடியது. உடனே காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை வெட்டாமல் நேராகப் பிடித்துக்கொண்டு, லீவரைக் கொஞ்சம் இழுத்தேன். பொட்டி மட்டும் பின்னாலிருந்து பிடித்து இழுத்ததும், கயிற்றை இறுக்கின மாதிரி நேரானது. மொத்தமே ஆறேழு நொடி இருக்கும். இறங்கியபோது முழங்கால் நடுங்கியது.

காற்றையும் ஆம்னி பஸ்ஸையும் திட்டி முடித்தபின் பின்கதவைத் திறந்தோம். கேபிள் சுருள்கள் எல்லாம் கதவோரம். கொடை முடிந்தால் கடைசியாகச் சுற்றுவது கேபிள், அதனால் கடைசியாக ஏறுவதும் அதுதான். செம்புக் கேபிள், கால் டன். மறுநாள் அதே மாதிரி ஏற்றிக்கொண்டு எடைமேடைக்குப் போனோம். பொட்டியைக் கழற்றி மொத்தமாக நிறுத்தினால் 2,460 கிலோ. அப்புறம் சக்கரம் மட்டும் மேடையில், மூக்கு ஜாக்கி வெளியே தரையில் இருக்கும்படி வைத்தால் 2,390. வித்தியாசம்தான் மூக்கின் எடை, வெறும் 70 கிலோ. மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் மூக்கில் இருக்க வேண்டும். வால் கனத்தால் பொட்டி ஆடும், தராசு முள் மாதிரி. கேபிளை முன்னால் தள்ளி மறுபடி வைத்தோம், 290 வந்தது. பொட்டிக்குள் தரையில் அன்றைக்கே ஒரு சிவப்புக் கோடு அடித்தேன். கேபிளும் ஜெனரேட்டரும் கோட்டுக்கு முன்னால், காலி ஸ்டாண்டும் துணியும் பின்னால். பையன்களுக்கு இதில் இன்றுவரை கடுப்புதான். ராத்திரி இரண்டு மணிக்குக் கேபிளை வைப்பதற்காக ஸ்பீக்கர் இரண்டை இறக்கி ஏற்றினால் யாருக்குத்தான் வராது? ஒரு தடவை கோட்டைத் தாண்டி வைத்திருந்தார்கள், விடியும்வரை நான் வண்டியை எடுக்கவில்லை. ஆடி, ஆவணியில் இப்போது ஐம்பதுக்கு மேல் போவதும் இல்லை.

டயரில் ஒரு பாடம் படித்தோம். இடமண் பக்கம் பொட்டியின் இடது முன் டயர் வெடித்தது எனக்குத் தெரியவே இல்லை. ஸ்கூட்டரில் வந்த ஒருவர், "சேட்டா, டயர் போயி!" என்று கூவிக்கொண்டே துரத்திவந்து நிறுத்தினார். டயரில் பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் கட்டைகள், முழுசாக இருந்தது, பார்த்தால் புதுசு. பக்கவாட்டில் கடைசி நாலு எண் 1414, அதாவது 2014-ஆம் வருஷம் பதினாலாவது வாரம் செய்தது. பொட்டி டயர் தேய்ந்து சாவதில்லை, வெயிலில் நின்றே செத்துப்போகும். அதே பக்கத்து இன்னொரு டயரும் இரண்டு பேர் பாரத்தைச் சுமந்திருக்கும் என்பதால் அதையும் மாற்றினோம். பின்னால் ஒரு கேமரா, டயருக்குக் காற்று காட்டும் சென்சார், இரண்டும் அந்த வாரமே வந்தன. சக்கரம் கழற்றி மாட்டினால் நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை நட்டை இறுக்குவதும் வழக்கமாகிவிட்டது.

லைட்டில் பெரிய வில்லங்கம் இல்லை. பஸ் 24 வோல்ட், பொட்டிக்கு 12 வோல்ட் பல்பு போட்டு அனுப்பியிருந்தார்கள், முதல் சாயங்காலமே எல்லாம் போயிற்று. லைட் செட் போடுகிறவன் வண்டியிலேயே லைட் எரியவில்லை என்று ஊரே சிரித்தது. காகிதமும் சுருக்கமாக: ட்ரெய்லருக்குத் தனி ஆர்.சி., தனி நம்பர். அந்த நம்பர் பக்கவாட்டில் இருக்க வேண்டும், பின்னால் இழுக்கும் பஸ்ஸின் நம்பர். பஸ்ஸை வீடாக மாற்றியதும் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு. கேரளத்தில் மாற்றம் செய்த வண்டி என்றால் கூர்ந்து பார்ப்பார்கள், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் விட்டுவிடுவார்கள்.

புளியரை எஸ் வளைவைப் பற்றிக் கேட்பார்கள். ஊர் திரும்பும்போது அதில் இறங்கித்தான் ஆக வேண்டும். எதிரே எம் சாண்ட் லாரி வரிசை ஏறுகிறது என்றால் நான் மேலேயே ஒதுங்கி நின்றுவிடுவேன். அப்புறம் இரண்டாவது கியர், இருபதுக்கு மேல் கிடையாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் உருட்டி விடுவது. வால் நீளமாக இருப்பதில் ஒரே நன்மை இங்கேதான், கொக்கி வெளிப்பக்கம் வீசுவதால் பொட்டி உள்மூலையை அதிகம் வெட்டாது. ஆனால் அந்த வீச்சில் பஸ்ஸின் பின்மூலை பக்கத்து வண்டியை உரசும், வலப்பக்கக் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது.

ரிவர்ஸ் இன்னமும் எனக்கு ஒழுங்காக வராது. ஸ்டீயரிங்கை இடது திருப்பினால் பொட்டி வலது போகும், அதைச் சரிசெய்வதற்குள் மடங்கிக்கொள்ளும். பின்னால் நம் பையன் "வா வா வா ஹோல்டேன்" என்பான், கோயில் கமிட்டிக்காரர் மலையாளத்தில் "போட்டே, போட்டே" (போகட்டும்) என்பார், இருவரில் யார் சொல்வதைக் கேட்பது? பல நாள் பொட்டியைக் கழற்றி எட்டுப் பேரும் கையால்தான் தள்ளியிருக்கிறோம்.

மறுபடி வாங்குவேனா? கொக்கி, ஏர் பிரேக், டயர் எல்லாம் சேர்த்து ஐந்தரை லட்சம் ஆகிவிட்டது. அந்தப் பணத்துக்கு ஒரு பழைய மினி லாரி கிடைக்கும். இன்னொரு நல்ல டிரைவர் உங்களிடம் இருந்தால் அதையே வாங்குங்கள், மனசாரச் சொல்கிறேன். எங்களிடம் இல்லை, ராத்திரி வேலை முடித்துத் தூங்கி வழியும் ஆளிடம் இரண்டாவது வண்டியைக் கொடுக்க எனக்குத் துணிவும் இல்லை. அதனால் பொட்டி இருக்கிறது. போன வாரம் கிரீஸ் வைக்கும்போது, பொட்டியின் மூக்கில் கொக்கி மாட்டும் வளையத்தின் உள்பக்கம் நகம் இறங்குகிற அளவு தேய்ந்திருந்தது. லேத்தில் புதுசு கடையக் கொடுத்திருக்கிறேன். கார்த்திகை ஒன்றாம் தேதிக்குள் தருவதாக லேத்காரர் சொல்லியிருக்கிறார், வாங்காமல் மலை ஏறுவதாக இல்லை.