சேதுபதி வழக்கில் தொடங்கும் ஒரு சட்ட வகுப்பு

இராமநாதபுரம் அரண்மனையை ஒட்டிய தெரு ஒன்றில், ஒரு மாடி அறையில், ஓய்வுபெற்ற சட்டப் பேராசிரியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்திவரும் வகுப்பைப் பற்றிப் பாம்பன், மண்டபம் பக்கத்து நண்பர்கள் சிலர் விசாரித்ததால் இதை எழுதுகிறேன். அரசியலமைப்புச் சட்டத்தையும் நிறுவனப் பொருளியலையும் (சமூகத்தின் விதிகளும் வழக்காறுகளும் பொருளாதாரத்தை எப்படி நடத்துகின்றன என்ற படிப்பு) சேர்த்துச் சொல்லித்தருவதாகத் துண்டறிக்கை கூறுகிறது. போட்டித் தேர்வுப் பயிற்சி என்று நினைத்து வருபவர்கள் முதல் வாரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அவர்கள்மீது குற்றமில்லை, துண்டறிக்கைதான் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. மொத்தக் கட்டணம் 1,500 ரூபாய், மீனவர் சங்கப் பொறுப்பாளர்களுக்கு அதில் பாதி. இளம் வழக்கறிஞர்கள், கூட்டுறவுச் சங்கச் செயலாளர்கள், விசைப்படகு உரிமையாளர்கள், ஓரிரு ஆசிரியர்கள் வருகிறார்கள். நான் ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுபவன், சட்டம் படித்தவனல்ல.

பேராசிரியரின் பணிவாழ்க்கை எந்த வரிசையில் நகர்ந்ததோ அதே வரிசையில் பாடமும் நகர்கிறது. இப்படி அமைக்கப்படும் வகுப்புகள் தற்புகழ்ச்சியில் முடிவதே வழக்கம்; இங்கே பெரும்பாலும் அப்படி நடக்கவில்லை. நெடுங்காலம் சட்டக் கல்லூரியில் அரசியலமைப்புச் சட்டத்தை மட்டுமே நடத்திவந்த அவர், நீதிமன்றத்தில் வென்ற மக்களே கரைக்குத் திரும்பியதும் தோற்றுப்போவதைத் திரும்பத் திரும்பக் கண்ட பிறகு, ஒரு விதி தாளிலிருந்து நடைமுறைக்கு வருவதற்கு யார் என்ன செலவைச் சுமக்கிறார்கள் என்ற கேள்வியைத் தேடிப் பொருளியலுக்குப் போனதாகச் சொல்கிறார். சட்டத்துறையினர் தம்மைப் பொருளியலாளர் என்றும், பொருளியல் துறையினர் வழக்கறிஞர் என்றும் கருதி இரு பக்கமும் ஒதுக்கியதை அவர் சிரித்துக்கொண்டேதான் குறிப்பிடுகிறார். சட்டப் பட்டம் பெறாத பொருளியலாளரான வால்டன் ஹாமில்டன் 1928இல் யேல் சட்டப் பள்ளியின் பேராசிரியரானதையும், ஜான் காமன்ஸ் என்ற பொருளியலாளர் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை வரிவரியாகப் படித்துச் சொத்துரிமையின் பொருள் காலப்போக்கில் மாறியதை 1924இல் எழுதியதையும் அவர் இதற்குத் துணைக்கு அழைப்பதுண்டு.

முதல் வகுப்பு அமெரிக்காவில் தொடங்குவதில்லை, இதே ஊரின் ஜமீன் வழக்கில் தொடங்குகிறது. மதுரை கலெக்டருக்கும் முத்துராமலிங்க சேதுபதிக்கும் இடையே லண்டன் பிரிவி கவுன்சில் (அன்று இந்தியாவுக்கான கடைசி மேல்முறையீட்டு மன்றம்) 1868இல் தீர்த்துவைத்த அந்த வழக்கு சட்ட மாணவர்களுக்கு ‘ராம்நாடு வழக்கு’ என்றே பழக்கம். கணவரை இழந்த அரசி, கணவரின் முன் அனுமதி இல்லாமல், பங்காளிகளின் சம்மதத்தோடு எடுத்த தத்து செல்லுமா என்பதே கேள்வி. செல்லாவிட்டால் ஜமீன் வாரிசற்ற சொத்தாக அரசின் கைக்குப் போயிருக்கும். தத்து செல்லும் என்ற நீதிபதிகள், தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்காறு எழுதப்பட்ட சாத்திரத்தைவிட மேலோங்கும் என்று அதில் வகுத்தார்கள். எல்லாக் கல்லூரிகளிலும் இந்து சட்டப் பாடத்தில் வாரிசுரிமையோடு கடந்துபோகும் இத்தீர்ப்பைப் பேராசிரியர் நிறுவனப் பொருளியலின் வாசலாக மாற்றுகிறார். சமூகத்தின் ஆட்ட விதிகளே நிறுவனங்கள், அவற்றில் எழுதியவையும் உண்டு, எழுதாதவையும் உண்டு என்ற டக்ளஸ் நார்த்தின் விளக்கத்தை (1993இல் நோபல் பரிசு பெற்றவர்) அதன்பின் கரும்பலகையில் எழுதும்போது, அது வெளியிலிருந்து வந்த கோட்பாடாகவே தோன்றுவதில்லை.

கடலைப் பற்றிய வகுப்புகளுக்காக மட்டுமே இந்தக் கட்டணத்தைக் கொடுக்கலாம். பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு நம் எல்லோருக்கும் தெரியும். மோதல்களுக்குப் பிறகு பேச்சுவார்த்தையில் பிறந்து, பின்னர் நிர்வாகமும் ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தபோது, கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று வரையறுத்தது. இவ்விரண்டில் எது கூடுதலாக மதிக்கப்படுகிறது என்று அவர் கேட்டபோது, இராமேசுவரத்துப் படகு உரிமையாளர் ஒருவர், “சார், நாள் கணக்கை மீறினா மறுநாளே ஊருக்கே தெரியும். மைல் கணக்கை யாரு அளந்து பாக்குறது?” என்றார். “தலைவரே, நாம நாலு வாரம் படிக்கப்போறதை ஒரே மூச்சுல சொல்லிட்டீங்க” என்று சொல்லிவிட்டு எலினோர் ஆஸ்ட்ராமுக்குப் போனார் பேராசிரியர்.

பொதுவளம் எல்லோருக்கும் திறந்திருந்தால் அழிந்தே தீரும் என்று காரெட் ஹார்டின் 1968இல் எழுதியதையும், பயன்படுத்துவோரே விதி வகுத்து, தாங்களே கண்காணித்து, மீறியவருக்கு முதலில் சிறிய தண்டமும் பிறகு பெரிய தண்டமும் விதித்துக் காலகாலமாக வளத்தைக் காத்துவந்த ஊர்களை ஆஸ்ட்ராம் எடுத்துக்காட்டியதையும் அவர் அடுத்தடுத்து வைக்கிறார். பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்ணான ஆஸ்ட்ராம் (2009) அடிப்படையில் அரசியல் அறிஞர் என்பதைச் சொல்லும்போது குரலில் தெரிந்த உற்சாகம், இரு துறைக்கும் நடுவே நின்றவரின் சொந்த உற்சாகம் என்று எனக்குப் பட்டது. ஆனால் ஊர்க்கூட்டங்களைப் பற்றி அவர் கொஞ்சம் கூடுதலாகவே நல்லெண்ணம் வைத்திருக்கிறார். தண்டம் கட்ட முடியாதவரை ஊரைவிட்டு ஒதுக்கிவைக்கும் கூட்டமும் ஊர்க்கூட்டம்தான். அடிப்படை உரிமைகளை வரிசையாக நடத்திய ஒருவர் அந்த இடத்தில் சற்று நின்றிருக்கலாம்.

மீன்கூட்டத்தைச் சுற்றிவளைத்து அடியைச் சுருக்கி இழுக்கும் சுருக்குமடி வலையைப் பற்றிய வழக்கை நடத்திய விதம் இதைவிடக் கூர்மையானது. மீன்வளம் மாநிலப் பட்டியலின் 21ஆவது பதிவு. ஆட்சிக்குட்பட்ட கடலுக்கு அப்பால் மீன்பிடித்தல் ஒன்றியப் பட்டியலின் 57ஆவது பதிவு. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு 12 கடல் மைல். தமிழ்நாடு அரசு 2020இல் சுருக்குமடிக்குத் தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் பிறப்பித்த இடைக்கால உத்தரவில், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரு நாட்களில், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை, நிபந்தனைகளுடன் அவ்வலையைப் பயன்படுத்த அனுமதித்தது. யாருக்கு அதிகாரம் என்ற கேள்வியோடு வழக்கமான சட்ட வகுப்பு முடிந்துவிடும். இவர் அங்கிருந்துதான் தொடங்குகிறார்: அப்பால் போகும் படகும் நம் கரையிலிருந்துதானே புறப்படுகிறது, போகும் வழியில் வலையை இறக்கவில்லை என்பதை யார் பார்ப்பது, அதற்கான எரிபொருளும் ஆளும் யாருடைய செலவு, நாட்டுப்படகுக்காரர் தாமே போய்ச் சாட்சி சொன்னால் அவருடைய அன்றைய பாடு என்னவாகும்? இந்தப் பட்டியல்கள் அடங்கிய அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையை இப்படி டீசல் கணக்கோடு சேர்த்துப் படிக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை.

கச்சத்தீவு வகுப்புக்கு அறை நிரம்பிவிட்டது; சிலர் படிக்கட்டில் நின்றார்கள். நாட்டின் நிலப்பகுதியை வேறு நாட்டுக்குக் கொடுப்பதற்கு அரசியலமைப்புத் திருத்தம் தேவை என்று உச்ச நீதிமன்றம் பேருபாரி விவகாரத்தில் 1960இல் கருத்துரைத்தது. தகராறிலுள்ள எல்லையைத் தீர்த்துக்கொள்வதற்குத் திருத்தம் தேவையில்லை என்று கட்ச் தீர்ப்பாய வழக்கில் 1969இல் கூறியது. கச்சத்தீவு இலங்கைக்குப் போன 1974 ஒப்பந்தம் இவ்விரண்டில் எந்த வகை என்பதே வாதத்தின் மையம் என்று காட்டி, இரு தரப்பு வாதங்களையும் சம எடையில் அடுக்கினார். நம் மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே தீவுக்கு வந்துபோகலாம் என்று 1974 ஒப்பந்தம் சொன்னதையும், ஒரு நாட்டின் படகுகள் மற்ற நாட்டின் நீரில் மீன்பிடிக்கக் கூடாது என்று 1976இல் பரிமாறிக்கொள்ளப்பட்ட கடிதங்கள் சொன்னதையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவைத்து, வலை உலர்த்தும் வழக்காற்றுக்கும் மீன்பிடி உரிமைக்கும் நடுவே விழுந்த இடைவெளியை எங்களையே கண்டுபிடிக்கவிட்டார். கீழக்கரையிலிருந்து வரும் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) ஒருவர், “அப்ப நம்ம பக்கம் நியாயம் இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க” என்று கோபித்துக்கொண்டார். பேராசிரியர் பிடிகொடுக்கவில்லை. முழக்கம் கேட்க வந்தவர்களுக்கு அன்று ஏமாற்றம்தான்.

அம்பேத்கரை அவர் நடத்தும் முறைக்காக அந்த ஒரு வகுப்பைத் தனியாகவே பரிந்துரைப்பேன். வரைவுக் குழுத் தலைவராக மட்டுமே நாம் அறிந்த அம்பேத்கர், ரூபாயின் சிக்கலைப் பற்றி லண்டனில் ஆய்வுசெய்து 1923இல் பட்டம் பெற்றவர். பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதியைப் பற்றிய அவருடைய ஆய்வு 1925இல் நூலாக வந்தது. 1935இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வரானார். ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் வரிப்பங்கீடு செய்ய நிதி ஆணையத்தை அமைக்கும் 280ஆவது பிரிவை இந்தப் பின்னணியோடு படித்தால், அது வெறும் நிர்வாகப் பிரிவாகத் தோன்றாது. பொருளாதார அமைப்பையே அரசியலமைப்புக்குள் எழுதிவிட வேண்டும் என்று 1947இல் அவர் முன்வைத்த யோசனை ஏற்கப்படாததையும், அதன் சாயல்கள் நீதிமன்றத்தால் நடைமுறைப்படுத்த முடியாத வழிகாட்டு நெறிகளில் மட்டும் தங்கியதையும், 1949 நவம்பர் 25 உரையில் அரசியலில் சமத்துவமும் பொருளாதாரத்தில் ஏற்றத்தாழ்வும் கொண்ட முரண்பட்ட வாழ்க்கைக்குள் நாம் நுழைகிறோம் என்று அவர் எச்சரித்ததையும் ஒரே இழையாகக் கோத்தபோது, பேராசிரியர் தம் பணிவாழ்க்கையின் இரு பாதிகளையும் பற்றித் தனியாக எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ரொனால்ட் கோஸ் வகுப்பு சப்பென்று போனது. ஒருவர் தொழிலால் மற்றவருக்கு நேரும் கேட்டைப் பேசித் தீர்க்க ஆகும் செலவைப் பற்றி அந்தப் பொருளியலாளர் எழுதிய 1960 கட்டுரையில் வரும் பயிர் மேயும் மாடுகளையும் ரயில் எஞ்சின் தீப்பொறியையும் அப்படியே எடுத்துவந்து நடத்தினார். பாதிப் பேர் கைப்பேசிக்குள் போய்விட்டார்கள். இறால் பண்ணைகளைப் பற்றிய 1996 ஜெகந்நாதன் தீர்ப்பு கையில் இருக்கும்போது மாட்டுக்கும் ரயிலுக்கும் ஏன் போக வேண்டும்? கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திலிருந்து பண்ணைகளை அகற்றவும், கெடுத்தவரே ஈடுசெய்யவும் நீதிமன்றம் ஆணையிட்டது; 2005இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிப் பதிவு முறையின் கீழ் அத்தொழில் தொடர வழிசெய்தது. உப்பேறிய கிணற்றுக்காரரும் பண்ணைக்காரரும் பேசித் தீர்க்க ஆகும் செலவு எவ்வளவு என்பதைவிட, பேச உட்காரும்போதே யார் கையில் என்ன இருக்கிறது என்பதே பெரிய கேள்வி. கொலம்பியாவில் சட்டம் நடத்திய பொருளியலாளர் ராபர்ட் ஹேல் 1923இலேயே எழுப்பிய கேள்வி இது. அவருக்கு இங்கே கிடைத்தது வகுப்பின் கடைசி அரைமணி நேரம்.

வசதிகளைப் பற்றிச் சுருக்கமாக: மின்விசிறி உண்டு, காற்று இல்லை, தீர்ப்புகளின் நகல்கள் ஆங்கிலத்தில் மட்டும், அதுவும் எழுத்து மங்கிய நகல்கள், தேநீர் நன்றாக இருக்கும்.

நேரத்தைப் பற்றி மட்டும் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை கடலுக்குப் போகும் விசைப்படகு ஞாயிறு காலைதான் கரை திரும்பும். அந்நேரத்தில் படகில் உழைப்பவர்கள் மீன் பிரிப்பிலும் ஏலத்திலும் இருப்பார்கள், கிறித்தவ ஊர்களில் பூசை வேறு. ஆகவே முதலாளிகள் வருகிறார்கள், தொழிலாளர்கள் வருவதில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டதால், தீவுகளையொட்டிப் பாசி எடுக்கும் இடம் சுருங்கிப்போன பெண்களும் இதுவரை அந்த அறையில் ஒருவர்கூட இல்லை; ஆஸ்ட்ராமைப் பற்றிய விவாதத்துக்கு அவர்களைவிடத் தகுதியானவர் யார்? செவ்வாய் மாலைக்கு மாற்றுங்கள் என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன். அறை வாடகை அன்று கூடுதல் என்று பதில் வந்தது.

இளம் வழக்கறிஞர்களும் சங்கம் நடத்துபவர்களும் சேரலாம்; தேர்வுக்குப் படிப்பவர்கள் வேண்டாம். வழக்கு எதையும் அவர் கையில் எடுப்பதில்லை. கேட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வழிகாட்டி அனுப்பிவிடுகிறார். ஆனால் வகுப்பு முடிந்த பிறகு உங்கள் சங்கத்தின் துணைவிதிகளைக் கொண்டுபோனால் தனிக்கட்டணம் இல்லாமல் படித்துத்தருகிறார். எங்கள் சங்கத்தின் விதிகளில், உறுப்பினருக்குத் தலைவர் தண்டம் விதிக்கலாம் என்ற வரியில் கோடிட்டு, மேல்முறையீடு யாரிடம் என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தார். அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் அதைச் சேர்த்திருக்கிறோம்; தலைவருக்கு அவ்வளவாக விருப்பமில்லை.