தடுமாறும் கோச்சுக்கு இன்னொரு சீசனா, உடனே மாற்றமா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் நவம்பர் வந்தாலே தோற்கும் அணிகளின் ரசிகர்கள் இந்தக் கேள்வியோடு அல்லாடுவார்கள்.

பணம்
வைத்துக்கொண்டால்: சம்பளம் மட்டும்தான். பேசிக் குறைக்கவும் முடியும். 2020இல் 2 வெற்றி, 4 தோல்வி கண்ட கோச் ஜிம் ஹார்பாவை மிச்சிகன் பல்கலைக்கழகம் அப்படித்தான் தக்கவைத்தது.
அனுப்பினால்: ஒப்பந்தத்தின் மீதிப் பணம் தலையில் விழும். 2023இல் ஜிம்போ ஃபிஷரை நீக்கிய டெக்சாஸ் ஏ அண்ட் எம் தலையில் விழுந்தது சுமார் 7.6 கோடி டாலர்!

வீரர்கள்
வைத்துக்கொண்டால்: அணி பெரிதாகக் கலையாது.
அனுப்பினால்: வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்களின் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பலர் பெயர் கொடுத்துவிடுவார்கள். அணியில் சேர டிசம்பரில் கையெழுத்திடவிருந்த பள்ளி மாணவர்களும் மனம் மாறலாம்.

பலன்
இதுதான் உண்மையில் கடினமான இடம். பொறுமை மிச்சிகனுக்குக் கைகொடுத்தது: 2021இல் பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட்டை வென்றார்கள், 2023இல் 15-0 (15 வெற்றி, தோல்வியே இல்லை) என தேசியச் சாம்பியன். ஃப்ளோரிடாவும் 2024இல் பில்லி நேப்பியருக்கு வாய்ப்புக் கொடுத்தது. அந்த ஆண்டு 8-5 என முடிந்தது, சரி. ஆனால் 2025 அக்டோபரில், 3-4 என்ற நிலையில், அவரை நீக்க வேண்டியதாயிற்று.

வித்தியாசம் எங்கே? ஹார்பா அதற்கு முன்பே மிச்சிகனில் மூன்று சீசன்களில் தலா 10 வெற்றி கண்டவர். சரிவுக்குப் பிறகு அணியின் தற்காப்பு ஆட்டத்தைக் கவனிக்கும் உதவிப் பயிற்சியாளரையும் மாற்றினார். நேப்பியருக்கு ஃப்ளோரிடாவில் அப்படியொரு சீசன் அமையவே இல்லை.

என் கணக்கில், அதே கல்லூரியில் ஏற்கெனவே ஜெயித்துக் காட்டி, உதவியாளர்களை மாற்றவும் சம்மதிப்பவருக்கு இன்னொரு சீசன் தரலாம். மூன்று ஆண்டுகளாக அதே தவறுகள் தொடர்ந்தால், பணம் போனாலும் போகட்டும், டிசம்பருக்கு முன்பே புதியவரைத் தேடுங்கள்.