எளிய எதிரியா, வலிய எதிரியா: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் அட்டவணைக் கணக்கு

2025 ஆகஸ்ட் 30, சனிக்கிழமை. டெக்சாஸ் பல்கலைக்கழக அணி கொலம்பஸ் நகருக்குப் போய், நடப்புச் சாம்பியன் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 14-7 என்று தோற்றது. அன்றைக்கே இந்தியானா தன் சொந்த மைதானத்தில் ஓல்ட் டொமினியனை 27-14 என்று வென்றது. அடுத்த வாரம் கென்னசா ஸ்டேட்டை 56-9, அதற்கடுத்த வாரம் இந்தியானா ஸ்டேட்டை 73-0. டிசம்பரில், சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றுக்கான 12 அணிகளைத் தேர்வுக் கமிட்டி அறிவித்தபோது, 9-3 (ஒன்பது வெற்றி, மூன்று தோல்வி) என்று நின்ற டெக்சாஸுக்கு இடமில்லை. இந்தியானாவோ ஆடிய 16 ஆட்டங்களையும் வென்று, 2026 ஜனவரியில் மயாமியை 27-21 என்று வீழ்த்திக் கோப்பையை எடுத்துக்கொண்டது.

இதிலிருந்து பல கோச்சுகள் எடுத்த முடிவு ஒன்றுதான்: பெரிய அணியோடு வம்புக்குப் போகாதே. டெக்சாஸ் கோச் ஸ்டீவ் சார்க்கீசியனே, ஒஹாயோ ஸ்டேட் ஆட்டத்துக்குப் பதில் எளிய ஆட்டம் ஒன்று இருந்திருந்தால் எங்கள் கணக்கு 10-2 ஆகியிருக்கும் என்ற பொருளில் வாதாடினார். கணக்கு சரி, காரணம்தான் சரியில்லை. அந்த சீசனை 4-8 என்று முடித்த ஃப்ளோரிடாவிடம் டெக்சாஸ் 29-21 என்று தோற்றதே! கமிட்டியின் கண்ணை உறுத்தியது அந்தத் தோல்வி என்றுதான் நான் நினைக்கிறேன்.

அமெரிக்கக் கால்பந்தைப் பின்தொடராதவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல்நிலைக் கல்லூரி அணிக்கு வழக்கமான சீசனில் 12 ஆட்டம். பிக் டென், பிக் 12 கான்ஃபரன்ஸ்களில் (பல கல்லூரி அணிகள் சேர்ந்த கூட்டமைப்புகள் இவை) அவற்றில் ஒன்பது உள்ளுக்குள்ளேயே முடிந்துவிடும். 2025 வரை எட்டோடு நின்ற எஸ்இசி கான்ஃபரன்ஸ் 2026 முதல் ஒன்பதுக்கு மாறுகிறது, ஏசிசி கான்ஃபரன்ஸும் அதே பாதையில்தான். மிச்சமிருக்கும் மூன்று சனிக்கிழமைகளுக்கு எதிரி யார் என்பதை எந்த வாரியமும் சொல்வதில்லை. ஒவ்வொரு கல்லூரியின் விளையாட்டு இயக்குநரும் தானே பேசி, பல ஆண்டுகளுக்கு முன்பே ஒப்பந்தம் போட்டுக்கொள்வார். நம் ஊர்க்காரர்கள் பலர் மேற்படிப்புக்குப் போய் இந்த அணிகளுக்கு ஆயுள் ரசிகர்களாகத் திரும்பியிருக்கிறார்கள். அவர்களிடம் இந்த மூன்று ஆட்டங்களைப் பற்றிக் கேட்டால் சண்டைதான்.

முதல் வழி, காசு கொடுத்து எதிரியைக் கூப்பிடுவது. சின்னக் கல்லூரி வரும், தோற்கும், காசோலையோடு திரும்பும். பதிலுக்கு அங்கே போக வேண்டியதில்லை. கேட்க அசிங்கமாக இருந்தாலும் இரண்டு பக்கமும் இதில் பிழைக்கிறது. மிச்சிகன் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்காரலாம். ஒரு ஹோம் ஆட்டம் கூடினால் டிக்கெட், பார்க்கிங், தீனி என்று வருமானம் கொட்டும். 2025 ஜூலையிலிருந்து வீரர்களுக்குக் கல்லூரியே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றாகிவிட்டது, அதுவும் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை. அந்தச் செலவைச் சுமக்கும் இயக்குநருக்கு ஏழு ஹோம் ஆட்டங்களுக்குக் குறைய மனம் வராது. வருகிற சின்னக் கல்லூரிக்கும் அந்தக் காசோலை விளையாட்டுத் துறையின் வரவுசெலவில் பெரும் பங்கு.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. 2012இல் சவானா ஸ்டேட் என்ற சிறு கல்லூரி அடுத்தடுத்த வாரங்களில் ஒக்லஹோமா ஸ்டேட்டிடம் 84-0, ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 55-0 என்று அடிவாங்கியது. இரண்டாவது ஆட்டம் மழை இடியால் பாதியில் நிற்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவனுக்கு அதில் என்ன சுவை?

காசு கொடுத்து வாங்கிய வெற்றி எப்போதும் கைக்கு வரும் என்பதும் இல்லை. 2007 செப்டம்பர் 1 அன்று, தரவரிசையில் ஐந்தாம் இடத்திலிருந்த மிச்சிகன், 4 லட்சம் டாலர் கொடுத்து அழைத்த அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 34-32 என்று தோற்றது. அப்போது ஒரு படி கீழே உள்ள பிரிவில் இருந்த அணி அது. 2024இல் நாட்டர் டேம் 14 லட்சம் டாலர் கொடுத்து நார்தர்ன் இல்லினாயைக் கூப்பிட்டு 16-14 என்று தோற்றது. சொந்த வீட்டில், சொந்தக் காசில், எதிரிக்கு வாழ்நாள் கொண்டாட்டம்! இப்படிப்பட்ட தோல்வி வலிய அணியிடம் தோற்பதைவிடப் பல மடங்கு கேவலம்.

வெளியே அதிகம் பேசப்படாத இன்னொரு பாதிப்பு, அணிக்குத் தன் பலவீனம் தெரியாமலே போவது. 2025இல் பென் ஸ்டேட் நெவாடா, எஃப்ஐயு, வில்லனோவா மூன்றையும் துவைத்து எடுத்தது. நாட்டிலேயே முதல் வரிசை அணி என்று எல்லோரும் நம்பினார்கள். பிறகு சொந்த மண்ணில் ஓரிகனிடம் கூடுதல் நேரத்தில் தோல்வி, அடுத்து யுசிஎல்ஏ, நார்த்வெஸ்டர்ன் என்று வரிசையாகச் சறுக்கல். அக்டோபர் நடுவிலேயே கோச் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று எளிய ஆட்டங்கள்தான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் ஓட்டை எங்கே என்று அந்த மூன்று வாரத்தில் யாருக்கும் தெரியவில்லை.

இரண்டாவது வழி, வலிய அணியோடு ஒரு வருடம் உன் ஊர், மறு வருடம் என் ஊர் என்று முறை வைத்து ஆடுவது. இதற்குச் சாதகமான சான்றுகள் நிறைய. 2014இல் நான்கே அணிகள் பிளேஆஃபுக்குப் போன காலம். எஸ்எம்யு, நார்த்வெஸ்டர்ன் ஸ்டேட், பஃபலோ என்று மூன்று எளிய எதிரிகளோடு தொடங்கிய பேய்லர் 11-1 என்று முடித்தும் வெளியே நின்றது. ஒஹாயோ ஸ்டேட் தன் மைதானத்திலேயே வர்ஜீனியா டெக்கிடம் 35-21 என்று தோற்றிருந்தது. ஆனாலும் உள்ளே போய்ச் சாம்பியனும் ஆனது. 2023இல் அலபாமாவின் ஊருக்கே போய் 34-24 என்று வென்றதுதான் டெக்சாஸைத் தோல்வியே காணாத ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கும் மேலே ஏற்றியது (ஃப்ளோரிடா ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்தும் முக்கிய வீரர், காயப்பட்ட விஷயமும் சேர்ந்துகொண்டது). 2025இல் அலபாமா முதல் ஆட்டத்திலேயே ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 31-17 என்று தோற்றும் பிளேஆஃபுக்குப் போனது.

தெளிவான உதாரணம் மயாமி. 2025 ஆகஸ்ட் 31 அன்று நாட்டர் டேமை 27-24 என்று வென்றது. சீசன் முடிவில் இரண்டுமே 10-2. கடைசி இடத்துக்குப் போட்டி வந்தபோது அந்த ஒரு ஆட்டமே தீர்ப்பு சொன்னது: மயாமி உள்ளே, நாட்டர் டேம் வெளியே. நாட்டர் டேமின் கதை இந்த வழியின் மறுபக்கம். மயாமியிடம் மூன்று புள்ளியில், டெக்சாஸ் ஏ அண்ட் எம்மிடம் 41-40 என்று ஒற்றைப் புள்ளியில் தோல்வி. பிறகு வரிசையாகப் பத்து வெற்றி. எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராத கால்பந்து அணி என்பதால், மேலே தூக்கிவிடப் பட்டமும் இல்லை. இரண்டு வலிய எதிரிகளை முதல் இரண்டு ஆட்டத்திலேயே வைத்தது துணிச்சலா அசட்டுத்தனமா என்று கேட்டால், பாதிக்குப் பாதி.

ஆக என் கணக்கு இதுதான். எளிய அட்டவணை என்பது ஒரு தோல்விக்கு மேல் வராது என்று வைக்கும் பந்தயம். வலிய எதிரியிடம் பெறும் வெற்றி, இரண்டாவது தோல்வி வந்துவிட்டால் கைகொடுக்கும் காப்பீடு. இந்தியானா 2024இலும் எளிய மூன்றோடுதான் ஆடியது. லூயிவில்லோடு இருந்த ஒப்பந்தத்தையே கைவிட்டிருந்தது. 11-1 என்று முடித்ததால் இடம் கிடைத்தது. 2025இல் ஓரிகனின் ஊரில் 30-20, பிக் டென் இறுதியில் ஒஹாயோ ஸ்டேட்டோடு 13-10. சோதனை கான்ஃபரன்ஸுக்குள்ளேயே வந்துவிட்டது, அதில் தேறியும்விட்டது. எல்லாவற்றையும் வெல்கிறவனிடம் செப்டம்பரில் யாரோடு ஆடினாய் என்று கேட்க ஆளில்லை. ஆனால் எத்தனை கோச்சுகள் தோல்வியே இல்லாத சீசனை முன்கூட்டிச் சொல்ல முடியும்?

மூன்றாவது வழி பொது மைதானம்: அட்லாண்டாவிலோ டாலஸ் பக்கத்து ஆர்லிங்டனிலோ கூரை போட்ட அரங்கில் ஒரே ஆட்டம். பணம் நல்ல பணம்தான். ஆனால் ரசிகனுக்கு விமானச் செலவு, கல்லூரி ஊரின் கடைக்காரனுக்கு ஒரு சனிக்கிழமை நஷ்டம், மாணவர்கள் பாதிப் பேர் வரமுடியாது. இதைப் பற்றி அதற்கு மேல் எழுதத் தோன்றவில்லை.

பக்கத்து ஊர் எதிரி வேறு ரகம். அயோவா–அயோவா ஸ்டேட், கிளெம்சன்–சவுத் கரோலினா, ஜார்ஜியா–ஜார்ஜியா டெக் எல்லாம் கான்ஃபரன்ஸுக்கு வெளியே பொதுவாக வருடந்தோறும் நடப்பவை. தரவரிசையில் எந்த இடத்தில் இருந்தாலும் மைதானம் நிறையும், பஸ்ஸிலேயே போய்விடலாம். ஒக்லஹோமா 2024இல் எஸ்இசிக்கு மாறியதும், அதே மாநிலத்து ஒக்லஹோமா ஸ்டேட்டோடு நூறு ஆண்டுக்கு மேல் நடந்த தொடர் 2023 ஆட்டத்தோடு நின்றுபோனது. நான் இயக்குநராக இருந்தால் மூன்றில் ஒரு இடத்தை முதலில் இதற்குத்தான் ஒதுக்குவேன்.

மற்ற இரண்டு? பட்டத்துக்குப் போகும் தகுதியுள்ள அணி என்றால் ஒன்று முறைவைத்த பெரிய ஆட்டம், ஒன்று தன் மாநிலத்துச் சின்னக் கல்லூரி. காசு கொடுப்பதை அடுத்த வீட்டுக்கே கொடுக்கலாமே. ஆறு வெற்றிக்கே திணறும் அணிக்கு இந்த அறிவுரை பொருந்தாது. சீசன் முடிந்தபின் நடக்கும் 'போல்' (bowl) ஆட்டத்துக்கு ஆறு வெற்றி வேண்டும், கீழ்ப்பிரிவு அணியை வென்றாலும் ஆண்டுக்கு ஒன்றைக் கணக்கில் சேர்க்கலாம். அவர்கள் எளிய எதிரியைத் தேடுவதில் தப்பே இல்லை.

காலம்தான் சிக்கல். அலபாமா–ஒஹாயோ ஸ்டேட் 2027, 2028 ஆட்டங்களை 2020இலேயே முடிவு செய்தார்கள். அப்போதைய அலபாமா கோச் நிக் சேபன் 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றுவிட்டார். எட்டு வருடம் கழித்து எந்த அணி வலியது என்று எவருக்கும் தெரியாது. நெப்ராஸ்கா, டென்னசியோடு 2026, 2027இல் ஆட வேண்டியதை மைதானப் புதுப்பிப்பைக் காரணம் காட்டி 2025இல் ரத்து செய்தது. இதைத் தடுக்க எஸ்இசி ஒரு வேலை செய்திருக்கிறது: ஒன்பது உள் ஆட்டங்களோடு, வெளியே வலிய கான்ஃபரன்ஸ் அணி ஒன்றோடாவது ஆடியே தீர வேண்டும் என்கிறது. பிக் டென்னும் அதே விதியைத் தன் அணிகளுக்குப் போடட்டும்.