சோர் பஜாரில் பழைய சீக்கோ வாட்ச் வாங்கப் போகிறவர்களுக்கு

மும்பைக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் கேட்வே, மரைன் டிரைவ் எல்லாம் முடித்துவிட்டு சோர் பஜார் பக்கம் ஒரு நடை போவது வழக்கம். அங்கே பழைய கைக்கடிகாரம் ஏதாவது வாங்கும் எண்ணம் இருந்தால், கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். மட்டன் ஸ்ட்ரீட்டை ஒட்டிய ஒரு கடையில் "1972 சீக்கோ 5, எல்லாம் ஒரிஜினல்" என்று சொல்லி எனக்கு ஒன்றை விற்றார்கள். கேட்டது 4,500, பேசி முடித்தது 2,800. கடையின் பெயரை எழுதப்போவதில்லை. அந்த வட்டாரத்தில் இதே சரக்கு பல கடைகளில் கிடக்கிறது.

பார்க்க அழகான வாட்ச்தான். நீல டயல், கிழமையும் தேதியும் காட்டும், ஸ்டீல் செயின். "டயல் இவ்வளவு புதுசா இருக்கே பாய்?" என்று கேட்டேன். பழைய ஸ்டாக், யாரும் கட்டவே இல்லை என்றார். பின்மூடியைத் திறக்கச் சொன்னதும் முகம் சுளிக்காமல் திறந்தார். உள்ளே ரோட்டர், அதாவது கை அசைய அசையச் சுழன்று சாவி ஏற்றும் தகடு, சுழல்வதை விளக்கு வெளிச்சத்தில் காட்டினார், "ஜப்பான் மெஷின்" என்றார், அடுத்த நொடி மூடிவிட்டார். அந்த வேகம்தான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம். உள்ளே ஓடுவது தெரியும், பொறித்திருப்பதைப் படிக்க முடியாது.

சென்னை வந்ததும், வழக்கமாக எனக்கு வாட்ச் பார்க்கும் பெரியவரிடம் கொடுத்தேன். கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "தம்பி, மூடி ஒரு வீட்டுது, மெஷின் இன்னொரு வீட்டுது. டயல் இப்போ அடிச்சது."

விஷயம் இதுதான். சீக்கோவின் பின்மூடியில் நான்கு இலக்கம், ஒரு கோடு, மறுபடி நான்கு இலக்கம் என்று ஓர் எண் இருக்கும். முதல் நான்கு இலக்கம் உள்ளே இருக்க வேண்டிய மெஷினின் எண். என் வாட்சின் மூடியில் 6309. உள்ளே ரோட்டரில் 7009ஏ, 17 ஜூவல் (மெஷின் தேயாமலிருக்கப் பதிக்கும் பொடிக் கற்கள்). டயலிலோ 21 ஜூவல் என்று அச்சடித்திருக்கிறார்கள்! மூடியும் டயலும் உள்ளே இருக்கும் மெஷினோடு ஒத்துப்போகவில்லை. 1972 என்பதும் கதை. அந்த இரண்டு மெஷின்களுமே எழுபதுகளின் நடுப்பகுதிக்கு முன்னால் கிடையாது. மூடியில் தனியாக இருக்கும் வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். என்னுடையது 7 என்று தொடங்குகிறது. அப்படியானால் 1977 அல்லது 1987. அதுவும் மூடிக்கு மட்டும்தான் பொருந்தும்.

டயல் புதிதாக அச்சடித்தது என்பது சும்மா பார்த்தால் தெரியாது, ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். நிமிடக் கோடுகள் மணியைக் குறிக்கும் கட்டைகளுக்கு நேராக நிற்காது. எழுத்து தடித்து ஓரங்களில் மசி கசிந்திருக்கும். ஆறு மணிக்குக் கீழே விளிம்போரம் பொடி எழுத்தில் வரும் எண் இருக்காது, அல்லது எல்லா வாட்சிலும் ஒரே எண்ணாக இருக்கும். ஃபாவ்ரே லூபா என்ற சுவிஸ் கம்பெனியின் சீ சீஃப் மாடல் வாங்குகிறவர்கள் அதே இடத்தில் "சுவிஸ் மேட்" எப்படி இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். ஓமேகா என்று சொல்லி நீட்டினால் மெஷினில் பெயரும் எண்ணும் பொறித்திருக்கிறதா என்று பார்க்காமல் பேச்சே வேண்டாம்.

நம் அரசு நிறுவனமான ஹெச்எம்டியின் கதை தனி. 1961ல் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு பெங்களூரில் தொடங்கிய வாட்ச் பிரிவை 2016ல் மூட மத்திய அரசு முடிவெடுத்தது. அதன் பிறகு அதன் ஜனதா, பைலட் மாடல்கள் என்றாலே ஒரு மவுசு. பைலட்டில் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை டயல் போட்டு "இந்தியன் ஆர்மி" என்று எழுதி வருவதெல்லாம் பட்டறையில் பிறந்தவை. ராணுவத்துக்கு அதில் சம்பந்தமில்லை.

பழைய டயலைச் சுரண்டிப் புதிதாக அச்சடிப்பதை நான் குற்றம் என்று சொல்லவில்லை. வெளிநாட்டு வாட்ச் இறக்குமதிக்குக் கெடுபிடி இருந்த காலத்தில் அசல் உதிரிபாகம் கிடைக்காமல், இருப்பதை வைத்து ஓடவைத்த கைகள் அவை. அந்தக் கைவேலைக்கு மரியாதை உண்டு. பிற்பாடு இணையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தேடி வாங்கத் தொடங்கியதும் அதே வேலை மொத்த உற்பத்தியாகிவிட்டது. சேகரிப்பாளர்கள் இதற்கு "மும்பை ஸ்பெஷல்" என்றே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். டயல் மாற்றியது என்று சொல்லி அதற்கேற்ற விலைக்கு விற்றால் யாருக்கும் வருத்தமில்லை. இவர்கள் சொல்வதில்லை, விலையும் குறைப்பதில்லை.

பணம் திரும்ப வருமா? கடைக்காரர் தந்தது பில் இல்லை. துண்டுச் சீட்டில் "ஓல்ட் வாட்ச்" என்றும் தொகையும், அவ்வளவுதான். யூபிஐயில் பணம் போனதோ வேறொருவர் பெயருக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, ஆனால் எந்தக் கடை, என்ன மாடல் என்று காட்ட ஒரு தாளாவது வேண்டும். அதனால் மாடல், மெஷின் எண், டயல் அசலா மாற்றியதா, இவற்றை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம். மூடியைத் திறந்ததும் நீங்களே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மட்டன் ஸ்ட்ரீட்டின் பழம்பொருள் கடைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று நடைபாதையில் விரிக்கும் சந்தையில் இதையெல்லாம் கேட்கவே முடியாது.

படங்களை அனுப்பிவிட்டு ஃபோன் செய்தேன். "வாட்ச் ஓடுதா இல்லையா? அப்புறம் என்ன?" என்று கேட்டார் கடைக்காரர். விடாமல் பேசியதில், பணம் தர முடியாது, வேண்டுமானால் வேறு வாட்ச் மாற்றித் தருகிறேன் என்று இறங்கி வந்தார். சற்று நேரத்தில் படமும் அனுப்பினார். சிவப்பு டயல் ஹெச்எம்டி பைலட், நடுவில் "இந்தியன் ஆர்மி".