ரீமேப்பா, டயரா, பிரேக்கா: கடலோரத்துக்கு வரும் பழைய ஆக்டேவியாவுக்கு முதல் செலவு எது?

செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்கோடா ஆக்டேவியா டர்போ பெட்ரோலை வாங்கி மதுரைப் பக்கமிருந்து ராமநாதபுரத்துக்கு ஓட்டி வருகிறவருக்குப் பரமக்குடி தாண்டியதுமே ரீமேப் ஆசை, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரில் வேறு ஃபைல் ஏற்றிப் பவர் கூட்டும் ஆசை, வந்துவிடும். சாலை அப்படி. இரு பக்கமும் சீமைக்கருவேல், நடுவில் நேராக ஓடும் தார். ஆசையில் தப்பில்லை. ஆனால் ஒரு நல்ல ஸ்டேஜ் 1 ரீமேப்புக்கு (பாகம் எதையும் மாற்றாமல் ஃபைலை மட்டும் மாற்றும் முதல் படி) ஆகும் பணமும் நான்கு நல்ல டயருக்கு ஆகும் பணமும் ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டில் ஒன்றைத்தான் இந்த மாதம் செய்ய முடியும் என்றால், இந்தக் கடற்கரையில் ஓடும் வண்டிக்கு டயர்தான் முதலில். அதற்கும் முன்னால், டயர் விலையில் சிறு பங்கே ஆகும் பிரேக் வேலை. ரீமேப் மூன்றாவது. சில ஆக்டேவியாக்களுக்கு அதுவும் வேண்டாம். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கியர்பாக்ஸைப் பார்த்துத்தான் ரீமேப்

சந்தையில் அதிகம் கிடைப்பது 1.8 டிஎஸ்ஐ. 180 பிஎஸ் பவர், 250 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை), 7 கியர் டிஎஸ்ஜி எனும் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக். அதன் கியர்பாக்ஸ் டிக்யூ200, உலர் கிளட்ச் வகை. இன்னொன்று 2017-ல் வந்த ஆர்எஸ், ஆக்டேவியாவின் வேக ரகம். 230 பிஎஸ், 350 நியூட்டன் மீட்டர், 6 கியர் டிக்யூ250. இதில் கிளட்ச் தட்டுகள் ஆயிலில் நனைந்தபடி சுழலும். 2020-ல் வந்த ஆர்எஸ் 245-ம் ஆயில் கிளட்ச்தான். 245 பிஎஸ், 370 நியூட்டன் மீட்டர்.

டிக்யூ200-க்குத் தயாரிப்பாளர் வைத்திருக்கும் டார்க் எல்லையே 250 நியூட்டன் மீட்டர். அதாவது 1.8 டிஎஸ்ஐ கம்பெனியிலிருந்து வரும்போதே கியர்பாக்ஸின் விளிம்பில்தான் நிற்கிறது. ஸ்டேஜ் 1 ஃபைல் போட்டால் டார்க் 300-ஐத் தாண்டும். அதுவும் 2,000 ஆர்பிஎம் சுற்றிலேயே மொத்தமாக வந்து இறங்கும். உலர் கிளட்சுக்குக் காற்றைத் தவிர வேறு குளிர்ச்சி கிடையாது. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாள்களில் ராமேசுவரம் ஊருக்குள் அடி அடியாக நகரும்போது அந்தக் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் சூடாகிக்கொண்டே இருக்கும். சூடான நிலையில் ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது வண்டி உதறினால் அது முதல் எச்சரிக்கை. 1, 3, 5, 7 ஒரு கிளட்சிலும் 2, 4, 6, ரிவர்ஸ் இன்னொரு கிளட்சிலும் ஓடுவதால், ஒரு பக்கம் போனால் அந்தப் பக்கக் கியர் எல்லாமே போய்விடும். தனுஷ்கோடிக்கு அப்பால், சாலை முடியும் அரிச்சல்முனையில் ரிவர்ஸ் விழாமல் நின்றால் அங்கிருந்து டோ வண்டிதான்.

ஆகவே 1.8 டிஎஸ்ஐ வைத்திருப்பவருக்கு ரீமேப் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. விடாப்பிடியாக வேண்டும் என்றால், 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கைக் கட்டுப்படுத்தி, மேல் சுற்றில் மட்டும் பவர் கூட்டும் ஃபைலைக் கேளுங்கள். அப்படி எழுதத் தெரியாது, எல்லா வண்டிக்கும் ஒரே ஃபைல்தான் என்று சொல்லும் டியூனரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

ஆர்எஸ் கதை வேறு. டிக்யூ250-க்குத் தாங்கும் தெம்பு உண்டு, ஆயில் ஒழுங்காக மாற்றியிருந்தால். 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். மாற்றும்போது சுமார் 5 லிட்டர் பிடிக்கும். அளவு பார்க்கும்போது ஆயில் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்க வேண்டும், இன்ஜினும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மே மாத மதியம் ஓட்டி வந்த வண்டியை உடனே தூக்கி அளவு பார்த்தால், சூட்டில் விரிந்த ஆயில் வழிந்து, ஆறியபின் உள்ளே குறைவாக நிற்கும். காலையில் முதல் வேலையாகச் செய்யச் சொல்லுங்கள். பழைய ஓனரிடம் ஆயில் மாற்றிய பில் இல்லையா? மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக்: செலவு குறைவு, பலன் முதல் நாளே

100-ல் ஓடும் வண்டியை விட 120-ல் ஓடும் வண்டியை நிறுத்த 44 சதவீதம் கூடுதல் ஆற்றலை டிஸ்க்கும் பேடும் விழுங்க வேண்டும். ரீமேப் செய்த வண்டி ஒவ்வொரு முறை பிரேக் மிதிக்கும் இடத்துக்கும் முன்பைவிட வேகமாகவே வந்து சேரும். அதனால் வரிசை இப்படி.

முதலில் பிரேக் ஆயில். அது காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள். ஈரம் ஏற ஏற கொதிநிலை இறங்கும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர எண். டாட் 4 ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155. டாட் 5.1-க்கு 260, 180. கடலோர ஈரக் காற்றில் ஓடும் வண்டிக்கு இரண்டு வருடம் என்பதே கடைசிக் கெடு. ஒரு லிட்டர் வாங்கினால் நான்கு சக்கரமும் ப்ளீட் செய்ய, அதாவது பழைய ஆயிலை வெளியேற்றிப் புதிது ஏற்ற, போதும். திறந்து வைத்திருந்த பழைய டப்பாவை ஊற்ற விடாதீர்கள். டாட் 5 என்று மட்டும் போட்டிருப்பது சிலிக்கான் வகை. அதை இந்த வண்டியில் ஊற்றவே கூடாது.

அடுத்தது காலிப்பர், பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம். உப்புக் காற்றில் முதலில் இறுகுவது காலிப்பர் வழுக்கி நகரும் ஸ்லைடு பின்தான். அறிகுறி எளிது. உள்பக்கப் பேட் தேய்ந்து போயிருக்கும், வெளிப்பக்கப் பேட் புதிதுபோல் இருக்கும். பின்னைக் கழற்றித் துரு எடுத்து, சிலிக்கான் கிரீஸ் பூச வேண்டும். பேரிங் கிரீஸ் பூசினால் ரப்பர் உப்பி, பின் முன்பைவிட மோசமாக இறுகும். எலெக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் உள்ள வண்டி என்றால் பின் காலிப்பரை ஸ்கேனரில் சர்வீஸ் மோடுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பிஸ்டனைத் தள்ள வேண்டும்.

பேட் மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே வந்திருந்தால் மாற்றுங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அளந்து பாருங்கள், விரலால் தடவி முடிவு செய்யாதீர்கள். புதுப் பேடைப் பழக்க, காலியான சாலையில் 60-லிருந்து 20 வரை பத்து முறை, முழுதாக நிறுத்தாமல், இடையில் ஆறவிட்டு மிதித்தால் போதும். பெரிய டிஸ்க், ஆறு பிஸ்டன் காலிப்பர் செட்டெல்லாம் இந்தச் சாலைகளுக்குத் தேவையே இல்லை. அந்தப் பணத்தில் டயர் வாங்கலாம்.

டயர்: மூன்று அளவு, மூன்று சுபாவம்

ஆக்டேவியாவில் புழங்கும் அளவுகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 205/55 ஆர்16-ன் மொத்த விட்டம் 632 மி.மீ., பக்கச்சுவர் உயரம் 113. 225/45 ஆர்17-க்கு 634, பக்கச்சுவர் 101. 225/40 ஆர்18-க்கு 637, பக்கச்சுவர் 90. விட்டம் கிட்டத்தட்ட ஒன்றே. ஸ்பீடாமீட்டர் பெரிதாக மாறாது. மாறுவது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் மெத்தைதான்.

பாம்பன் சாலைப் பாலத்தின் இணைப்புகளில் 18 இன்ச் தடதடவென்று உள்ளே கேட்கும். கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடினால் ஊருக்கு ஊர் வேகத்தடை. அதையும் மீறி, இந்த மாவட்டத்துக்கே உரிய எதிரி ஒன்று உண்டு. சீமைக்கருவேல முள். கிளையை வெட்டி ஏற்றிப்போகும் வண்டியிலிருந்து உதிர்ந்து, சாலையோர மண்ணில் கிடக்கும். காய்ந்த முள் ஆணி மாதிரி. சாலையில் படும் ட்ரெட்டில் ஏறினால் பஞ்சர் கடையில் முடிந்துவிடும். பக்கச்சுவரில் ஏறினால் டயரை மாற்ற வேண்டியதுதான். பக்கச்சுவருக்கு நம்பகமான பஞ்சர் வேலை கிடையாது. எதிரே பஸ் வந்தால் மண்ணில் இறக்கி ஒதுங்கும் கிராமச் சாலைகளில் தினமும் ஓட்டுகிறவருக்கு 1.8 டிஎஸ்ஐ-யில் 16 இன்ச்சே சரி. ஆர்எஸ்ஸில் 17 இருக்கட்டும். அதன் காலிப்பர் மேல் 16 இன்ச் ரிம் உட்காருமா என்று மாட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். 18-க்குப் போக நினைப்பவர் அந்தப் பணத்தில் இருக்கிற அளவிலேயே ஒரு படி உயர்ந்த டயரை வாங்கட்டும்.

டயரில் எதை எடுப்பது, ஸ்போர்ட்ஸ் ரகமா டூரிங் ரகமா? ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலையில் தண்ணீர் நிற்கும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஈரத்தில் பிடிப்பு ஸ்போர்ட்ஸில் கூடுதல், தேய்மானம் வேகம். ரீமேப் செய்யப்போகும் ஆர்எஸ்ஸுக்கு ஸ்போர்ட்ஸ். மற்றவர்களுக்கு நல்ல கம்பெனியின் டூரிங் தாராளம். எதுவானாலும் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. செகண்ட் ஹேண்ட் வண்டியில் ட்ரெட் ஆழமாக இருக்கும், டயருக்கு ஏழு வயது ஆகியிருக்கும். அந்த ரப்பர் இறுகிப் போனது. மழையில் வழுக்கும்.

காற்றழுத்தம் காலையில், ஓட்டுவதற்கு முன் பார்க்க வேண்டும். 5, 6 டிகிரி சூடு ஏறினால் ஒரு பிஎஸ்ஐ கூடும். மதியம் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை குறைவாக ஓடுவீர்கள். வீல் போல்ட்டை 120 நியூட்டன் மீட்டரில் டார்க் ரென்ச் வைத்து முடுக்கச் சொல்லுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை.

ஒன்றை மட்டும் எந்த டயரும் காப்பாற்றாது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை கச்சான் எனும் தென்மேற்குக் காற்று மணலைத் தார்மேல் பாய்போல விரித்து வைத்திருக்கும். அங்கே மெதுவாகத்தான் போக வேண்டும். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைக்கக் கூடாது.

ஆர்எஸ்ஸுக்கு ரீமேப் என்று முடிவு செய்தால்

ஃபைல் ஏற்றும் முன் ஸ்கேனரில் ஒரு லாக், அதாவது முழு லோடில் இன்ஜின் அளவுகளின் பதிவு, எடுங்கள். டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் கருவி) எடுப்பது உத்தமம். காலிச் சாலையில் என்றால் இரண்டாம் கியரிலேயே வேண்டியது தெரியும். பார்க்க வேண்டியவை: ஒவ்வொரு சிலிண்டரிலும் நாக் (பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பது) காரணமாக ஸ்பார்க் டைமிங் எத்தனை டிகிரி பின்வாங்குகிறது, கேட்ட பூஸ்ட்டும் (டர்போ தரும் காற்றழுத்தம்) கிடைத்த பூஸ்ட்டும், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ஹை பிரஷர் ஃபியூவல் ரெயிலின் அழுத்தம், உள்ளே போகும் காற்றின் சூடு, நீண்டகால ஃபியூவல் ட்ரிம் (கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டியோ குறைத்தோ செய்யும் திருத்தம்).

பெட்ரோல் விஷயத்தில் நிதானம் வேண்டும். சுத்தப் பெட்ரோலுக்குக் காற்று எரிபொருள் விகிதம் 14.7. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20-க்கு அது 13.5 சுற்றில் வரும். அதே காற்றுக்கு இன்ஜெக்டர் கூடுதல் எரிபொருள் தெளிக்க வேண்டும் என்று பொருள். வெளிநாட்டுப் பெட்ரோலுக்கு எழுதிய ஃபைலை அப்படியே ஏற்றினால், முழு லோடில் ஃபியூவல் பம்ப் மூச்சு முட்டி ரெயில் அழுத்தம் சரியும். ட்ரிம் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டிக்கொண்டே இருந்தால் ரீமேப்பை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். ஃபைல் எந்த ஆக்டேனுக்கு எழுதியதோ அந்தப் பெட்ரோல் நீங்கள் வழக்கமாகப் போடும் பங்கில் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். சென்னையில் கிடைப்பதை நம்பி எழுதிய ஃபைல் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் உதவாது.

புது ஸ்பார்க் ப்ளக், இடைவெளி பொதுவாக 0.6 முதல் 0.7 மி.மீ. கூலன்ட் குறைகிறதா என்று பாருங்கள். இந்த இன்ஜின்களில் வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு கசிவது தெரிந்த வியாதி. கசியும் இன்ஜினில் பவர் கூட்டக் கூடாது.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் க்ளெய்ம் நேரத்தில் எதிரே வந்து நிற்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. பேடும் அதே அளவு டயரும் அந்த வம்பில் வராது.

ஏர் ஃபில்டர், சைலன்சர், சஸ்பென்ஷன்: மீதி மூன்றும் சுருக்கமாக

திறந்த கோன் ஃபில்டர் இங்கே வேண்டவே வேண்டாம். இன்ஜின் சூட்டையும் மணலையும் சேர்த்து உறிஞ்சும். கம்பெனி பேப்பர் ஃபில்டரைப் பாதிக் கெடுவில் மாற்றினால் போதும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்த சைலன்சர் புகைச் சோதனையில் தேறாது. தாழ்த்தும் ஸ்பிரிங் மட்டும் போட்டால் பழைய ஷாக் அப்சார்பர் பம்ப் ஸ்டாப்பில் மோதி மோதிச் சாகும். காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த செட்) என்றால் உயரம் மாற்றும் மரை உப்பில் இறுகி, இரண்டே வருடத்தில் திருப்ப முடியாமல் போகலாம். புது ஷாக், மேல் மவுன்ட், லோயர் ஆர்ம் புஷ், அலைன்மென்ட் இவையே இந்த வண்டியைத் திரும்ப இளமையாக்கும்.

தனுஷ்கோடி போய் வந்த அன்றே ஸ்போக் இடைவெளி வழியாக டிஸ்க்கில் நல்ல தண்ணீர் அடித்து, சிறிது தூரம் ஓட்டி லேசாக மிதித்து உலர்த்திய பிறகு நிறுத்துங்கள். ரீமேப்புக்கு முன் எடுத்த லாக்கைப் பத்திரமாக வையுங்கள். கச்சான் முடிந்து புரட்டாசியில் அதே கியரில், அதே நேரத்தில் இன்னொரு லாக் எடுத்து உள்ளே போகும் காற்றின் சூட்டை ஒப்பிடுங்கள். வெளிச்சூடு ஒன்றாக இருந்தும் 10 டிகிரி கூடியிருந்தால், முன் பம்பரைக் கழற்றிப் பாருங்கள். ஏசி கண்டன்சருக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் மணலும் உப்பும் அடைந்திருக்கும். பின்பக்கமிருந்து முன்பக்கமாக, குழாய்த் தண்ணீரின் சாதாரண அழுத்தத்தில் கழுவ வேண்டும். வாட்டர் வாஷ் கன்னை நேராகக் காட்டினால் ஃபின் மடிந்துவிடும்.