“டாலரன்ஸுக்குள் இருக்கிறது” என்று கைகழுவும் பட்டறைகள்: ஓர் எச்சரிக்கை

மெக்கானிக்கல் கீபோர்டுக்கு அலுமினிய கேஸும் (வெளிக்கூடு) பிளேட்டும் (சுவிட்சுகளைப் பொருத்தும் தகடு) சி.என்.சி. மில்லிங்கில் (கணினிக் கட்டுப்பாட்டில் சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்கும் முறை) செய்து தருவதாகச் சொன்ன ஒரு பட்டறை, முழுத் தொகையையும் முன்னதாகவே வாங்கிக்கொண்டு எனக்கு அனுப்பியிருப்பது அழகான நிறத்தில் ஒரு எடைக்கல். அதில் சுவிட்ச் ஏறாது, திருகு பிடிக்காது.

முப்பரிமாண ஸ்டெப் கோப்போடு அளவுகள் குறித்த வரைபடமும் கொடுத்திருந்தேன். ஸ்டெப் கோப்பில் பெரும்பாலும் வடிவம் மட்டுமே இருக்கும். எந்தத் துளையில் மரை வெட்ட வேண்டும், எந்த அளவு எவ்வளவு பிசகலாம் (டாலரன்ஸ்) என்பதையெல்லாம் வரைபடம்தான் சொல்லும். சுவிட்ச் துளை 14 மி.மீ. சதுரம், பிசகு 0.05 மி.மீ.க்குள், உள்மூலை ஆரம் அதிகபட்சம் 0.5 மி.மீ., திருகுத் துளைகளில் எம்2 (2 மி.மீ. திருகுக்கான) மரை என்று தெளிவாக எழுதியிருந்தேன். வரைபடம் கிடைத்ததாக விலைப்புள்ளியிலேயே குறிப்பிட்டிருந்தார்கள். யாரும் அதைத் திறந்து பார்த்த அடையாளம் மட்டும் இல்லை.

வந்த பிளேட்டில் காலிப்பரை வைத்தால் துளைகள் 13.8 மி.மீ. காட்டுகின்றன. மூலைகள் அதைவிட மோசம். மில்லிங் கட்டர் உருளை வடிவானது என்பதால் உள்மூலை கூர்மையாக வராது, 0.5 மி.மீ. ஆரம் வேண்டுமானால் 1 மி.மீ. கட்டரை மெதுவாக ஓட்ட வேண்டும். பெரிய கட்டரைப் போட்டு நேரத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். திருகுத் துளைகளோ மரையே இல்லாத வெறும் 2 மி.மீ. ஓட்டைகள். எம்2 மரைக்கு 1.6 மி.மீ. துளையிட்டுத்தான் டேப் (மரை வெட்டும் கருவி) ஓட்டுவார்கள், 2 மி.மீ.க்குத் துளைத்துவிட்டால் மரை வெட்ட உலோகமே மிஞ்சாது.

கேட்டதும் முதலில் வந்த பதில்: “அனோடைசிங் பூச்சினால் துளை சுருங்கிவிட்டது.” அலுமினியத்தின் மேல் மின்வேதி முறையில் ஆக்சைடு படலம் வளர்ப்பதுதான் அனோடைசிங். அழகுக்காகச் செய்வது பெரும்பாலும் 10 முதல் 15 மைக்ரான். அதிலும் ஏறக்குறைய பாதிதான் வெளிநோக்கி வளரும். எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டையும் சேர்த்தாலும் 0.015 மி.மீ. தாண்டாது. 0.2 மி.மீ. எங்கே போயிற்று?

கணக்கை எழுதி அனுப்பியதும் அனோடைசிங் காரணம் காணாமல் போய், ஐ.எஸ்.ஓ. 2768 என்ற பொது டாலரன்ஸ் தரம் வந்தது. அதன் நடுத்தர வகுப்பில் 6 மி.மீ.க்கு மேல் 30 மி.மீ. வரையான அளவுகள் 0.2 மி.மீ. பிசகலாம், ஆகவே 13.8 சரிதானாம். தனியாக டாலரன்ஸ் குறிக்காத அளவுகளுக்குத்தான் அந்தத் தரம் பொருந்தும். குறித்ததைப் படிக்காமல் வேலை செய்துவிட்டு, குறிக்காதவற்றுக்கான விதியைக் காட்டுவது ஏமாற்றுத்தான்.

அனுப்பும் முன் காட்டிய புகைப்படங்களும் அப்படியே. எல்லாம் பளபளக்கும் வெளிப்பக்கம். உட்புறமோ திருகுத் துளையோ ஒன்றில்கூட இல்லை. கேஸின் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் தனித்தனியாக எடுக்கப்பட்டிருந்தன. இரண்டையும் அருகருகே வைத்தபோதுதான் நிறம் வேறுபடுவது தெரிந்தது. ஒரே தொட்டியில், ஒரே தடவையில் சாயமேற்றாவிட்டால் இப்படி ஆகும். உலோகக் கலவை மாறியிருந்தாலும் ஆகும். 6061 என்ற அலுமினியக் கலவை கேட்டிருந்தேன், பொருள் சான்றிதழ் இன்றுவரை வரவில்லை. எடை போட்டும் கண்டுபிடிக்க முடியாது. 6061-க்கும் இன்னொரு கலவையான 6063-க்கும் அடர்த்தி ஏறத்தாழ ஒன்றே.

ஆர்டர் கொடுக்கப்போகிறவர்கள் மீதித் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு, அனோடைசிங்குக்கு அனுப்பும் முன்பே படம் கேளுங்கள்: காலிப்பர் நுழைந்த சுவிட்ச் துளை, திருகு இறங்கிய மரை, சேர்த்து வைத்த இரண்டு பாதிகள். பூச்சு ஏறாத நிலையில் திருத்துவது எளிது. மறுக்கும் பட்டறையை விட்டுவிடுங்கள்.

என் கேஸை ஓரளவு மீட்டுவிட்டேன். எம்2.5 மரைக்கான துளை 2.05 மி.மீ. என்பதால், இருந்த ஓட்டைகளிலேயே அந்த டேப்பை ஓட்டினேன். பிளேட்டுக்கு வழியில்லை, ஒவ்வொரு துளையாக அரம் போட்டால் பூச்சு உரிந்து வெற்று அலுமினியம் பல்லிளிக்கும். வேறு இடத்தில் லேசர் வெட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். பழைய பட்டறை பணத்தைத் திருப்பித் தர மறுத்து, அடுத்த ஆர்டரில் தள்ளுபடி தருவதாக எழுதியிருக்கிறது.