பழைய சிபி ரேடியோவை ரிப்பேருக்கு அனுப்பப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

பழைய 23 சானல் சிபி செட் (சிட்டிசன்ஸ் பேண்ட், 27 மெகாஹெர்ட்ஸில் பொதுமக்கள் பேசிக்கொள்ளும் இருவழி ரேடியோ) வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய ரேடியோக்களில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று விளம்பரம் செய்துகொள்ளும் ஒருவருக்கு என் செட்டைக் கொரியரில் அனுப்பினேன். நான் சொன்ன பழுது சொன்னபடியே இருந்தது. நன்றாக இருந்த பாகங்களைக் கெடுத்து, அதற்குப் பில்லும் போட்டுத் திருப்பி அனுப்பினார். அவர் பெயரைப் போடப் போவதில்லை. இதே பாணியில் தொழில் செய்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், பாணி தெரிந்தால் ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம்.

முதலில் என் செட்டில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் புரியும். 1977-ல் அமெரிக்காவில் சிபி சானல்களை 40 ஆக்கினார்கள். 23 சானல் செட் என்றால் அதற்கு முந்தைய காலத்து வடிவமைப்பு. இவற்றில் பெரும்பாலானவை கிரிஸ்டல்களின் (ஒரே அதிர்வெண்ணில் துடிக்கும் குவார்ட்ஸ் துண்டுகள்) அதிர்வெண்களைக் கலந்து அலைவரிசையை உண்டாக்குபவை. என்னுடையதில் 14 கிரிஸ்டல். ஆறு கிரிஸ்டல் ஒரு வரிசை, ஒவ்வொன்றும் அடுத்தடுத்த நான்கு சானல்களுக்குப் பொது: 1 முதல் 4 வரை ஒன்று, 5 முதல் 8 வரை இன்னொன்று, இப்படியே போகும், கடைசியானதற்கு மட்டும் மூன்று சானல். அப்புறம் நான்கு கிரிஸ்டல் அனுப்புவதற்கு, நான்கு வாங்குவதற்கு. இந்த நான்கில் ஒவ்வொன்றும் நான்கு சானலுக்கு ஒரு முறை வேலைக்கு வரும்.

என் செட் 2, 6, 10, 14, 18, 22 ஆகிய சானல்களில் மட்டும் அனுப்பவில்லை. வாங்குவது எல்லாச் சானலிலும் சரியாக இருந்தது. மேலே சொன்ன கணக்கை வைத்துப் பார்த்தால் இதற்கு மேல் துப்பே தேவையில்லை. நான்கு சானலுக்கு ஒன்று போகிறது, அதுவும் அனுப்பும்போது மட்டும் போகிறது என்றால், அனுப்பும் பக்கத்து நான்கு கிரிஸ்டலில் ஒன்றோ, அதற்குப் போகும் வயரோ, சால்டரோ, சுவிட்ச் முனையோ. வேறு இடமே கிடையாது. இதைக் காகிதத்தில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தேன். மற்றச் சானல்களில் டம்மி லோடில் (சோதனைக்காக ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டுவது) மூன்றரை வாட்ஸ் வந்தது என்பதையும் எழுதியிருந்தேன். அந்தக் காலத்துச் செட்டுக்கு அது நல்ல அளவு. அமெரிக்கச் சட்டப்படி உச்சமே நான்கு வாட்ஸ்தான்.

செட் போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது. "சார், ரிசீவரும் அவுட். ஸ்பீக்கர்ல சுத்தமா சத்தமே இல்ல. ஆடியோ செக்‌ஷன் முழுக்கப் போயிருக்கு." எனக்குச் சந்தேகம் தட்டியது. "மைக்கைச் சொருகிப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. மைக் இன்னும் பெட்டிக்குள்ளேயே சுற்றிய தாளோடு கிடந்திருக்கிறது. பழைய செட்டுகள் பலவற்றில் ஸ்பீக்கர் சுற்று மைக்கின் பட்டன் வழியாகத்தான் முழுமையாகும். மைக் இல்லாவிட்டால் செட் ஊமை. சிபி ரிப்பேரில் நாள் கழிக்கிற ஒருவருக்கு இது மனப்பாடமாக இருக்க வேண்டும். "அப்படியா, பார்க்கிறேன் சார்" என்று வைத்துவிட்டார். கடைசியில் வந்த பில்லில் 'ஆடியோ அவுட்புட் டிரான்சிஸ்டர் மாற்றியது' என்று ஒரு வரி இருந்தது. செட்டைத் திறந்து பார்த்தபோது அந்த இரண்டு டிரான்சிஸ்டரும் பழைய தூசியோடு, பழைய சால்டரோடு, கை படாமல் இருந்தன.

இரண்டாவது போனில் கதை மாறியது. "பிஎல்எல் சிப் போயிடுச்சு சார், வெளிநாட்டுல இருந்து வரவழைக்கணும், அட்வான்ஸ் போடுங்க." பிஎல்எல் என்பது கிரிஸ்டல் வரிசைகளுக்குப் பதிலாக எல்லாச் சானலையும் உண்டாக்கும் சிப், என் செட்டில் அது கிடையவே கிடையாது. கிரிஸ்டல் செட்டுக்கு அது எதற்கு? இதைச் சொன்னதும் அசடு வழியாமல், "உங்க மாடல்ல ரெண்டு வெர்ஷன் இருக்கு சார்" என்றார். அந்த நிமிடமே செட்டைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். "வேலை ஆரம்பிச்சுட்டேன், போர்டு கழட்டிக் கிடக்கு, இப்ப நிறுத்தினா உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். செட் அவர் கையில், பேச்சும் அவர் கையில்.

பிறகு ஒரு வீடியோ வந்தது. வாட் மீட்டர், செட், மைக் மூன்றும் ஒரே சட்டத்தில். அவர் பட்டனை அழுத்தி "ஹலோ ஹலோ" என்கிறார், முள் வலது பக்கமாகத் துள்ளுகிறது. "பாருங்க சார், முன்ன மூணரை, இப்ப பன்னிரண்டு வரைக்கும் போகுது." எந்தச் சானலில் வைத்திருக்கிறார் என்று உற்றுப் பார்த்தேன். 19. அது நான் அனுப்பும்போதே ஒழுங்காக வேலை செய்த சானல். 14-ல் வைத்து ஒரு வீடியோ கேட்டேன். பேக் பண்ணிவிட்டதாகச் சொன்னார். மீதிப் பணம் போட்டால்தான் பெட்டி நகரும் என்றும் சொன்னார். போட்டேன்.

பெட்டி வந்த அன்றே 14-ல் வைத்து அழுத்தினேன். மீட்டரில் பூஜ்யம். 2, 6, 10, 18, 22 எல்லாமே பூஜ்யம்.

மற்றச் சானல்களில் பேசியபோது எதிரில் இருந்த நண்பர் சொன்னது: குரல் கரகரவென்று உடைகிறது, பக்கத்துச் சானல்களிலும் கேட்கிறது. அவரிடம் ஆசிலோஸ்கோப்பும், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வெளியே வருகிறது என்று காட்டும் கையடக்கமான ஒரு ஸ்பெக்ட்ரம் அனலைசரும் உண்டு. செட்டை அவர் மேஜைக்கே எடுத்துக்கொண்டு போனேன். மூடியைக் கழற்றியதும் அவர் முதலில் காட்டியது ஒரு சின்ன டிரான்சிஸ்டர். அதன் மூன்று கால்களில் ஒன்றைக் கட்டரால் வெட்டி மேல்நோக்கி வளைத்து விட்டிருந்தார்கள். வெட்டிய முனை புதுசாக மின்னியது. குரல் எவ்வளவு உரக்க வந்தாலும் மாடுலேஷன் (குரல் ரேடியோ அலையில் ஏறும் அளவு) நூறு சதவீதத்தைத் தாண்டாமல் பிடித்து வைக்கும் லிமிட்டர் சுற்று அது. அதை வெட்டினால் மீட்டர் முள் அழகாகத் துள்ளும். வீடியோவுக்கு அது போதும். ஆனால் நூறைத் தாண்டியதும் கேரியர், அதாவது குரலைச் சுமக்கும் அலை, இடையிடையே அறுந்துபோகிறது. சிபியில் சானல்கள் பெரும்பாலும் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில்தான் உட்கார்ந்திருக்கின்றன, அறுந்த அலையின் சிதறல் போய் அக்கம்பக்கத்துச் சானல்களில் விழுகிறது. ஒழுங்காக மாடுலேட் ஆன நான்கு வாட்ஸ் கேரியரே குரலின் உச்சத்தில் 16 வாட்ஸைத் தொடும் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. அதனால்தான் முள் துள்ளுவதைக் காட்டியே வியாபாரம் நடக்கிறது.

அடுத்தது இன்னும் மோசம். ஆன்டெனா முனைக்கு முன்னால், இரண்டாவது ஹார்மோனிக்கை வடிகட்டுவதற்கென்றே ஒரு காயில் இருக்கும். அனுப்பும் அலையோடு அதன் இரட்டிப்பில் வரும் வேண்டாத அலைதான் அது, 27 மெகாஹெர்ட்ஸின் இரட்டிப்பு 54. அனலாக் டிவி காலத்தில் அமெரிக்காவின் இரண்டாம் டிவி சானல் அங்கேதான் தொடங்கியது, அக்கம்பக்கத்து வீட்டு டிவியில் கோடு விழக்கூடாது என்று வைத்த வடிகட்டி. அதை இடம் மாற்றித் திருகிவிட்டால் ஹார்மோனிக்கும் சேர்ந்து வெளியே வரும். சாதாரண வாட் மீட்டருக்கு எது 27, எது 54 என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது, வருவதையெல்லாம் கூட்டிக் காட்டும். 'பவர் கூடிவிட்டது' என்றதில் ஒரு பங்கு இந்தக் குப்பைதான். அனலைசரில் 54-ல் ஒரு கொம்பு நிமிர்ந்து நின்றதைப் பார்த்ததும் நண்பர் உடனே பட்டனை விடச் சொன்னார்.

ஆன்டெனாவுக்குப் பவர் கொடுக்கும் கடைசி டிரான்சிஸ்டரான ஃபைனலையும் அந்த ரிப்பேர்காரர் மாற்றியிருந்தார். அதை மாற்ற ஒரு காரணமும் இல்லை. புதிதாக இருந்ததன் மேல் 2எஸ்சி1969 என்று அச்சிட்டிருந்தது. சிபி உலகில் அதிகம் போலி வருவது இந்த எண்ணில்தான். அசல் தயாரிப்பு நின்று வெகுகாலம் ஆகிறது, கேட்பவர்கள் குறையவில்லை, அதனால் ஏதோ ஒரு மலிவான டிரான்சிஸ்டரைத் தேய்த்து மேலே எண்ணை அடித்து விற்கிறார்கள். பஞ்சில் அசிட்டோன் நனைத்து நண்பர் ஒரு இழுப்பு இழுத்தார். எண் பஞ்சுக்கு வந்துவிட்டது. அடியில் பழைய தேய்ப்புக் கோடுகள் தெரிந்தன. மைக்கா தகட்டில் தெர்மல் பேஸ்ட் ஒரு பொட்டுகூட இல்லை. ஒரு நிமிடம் தொடர்ந்து பேசினாலே வாட்ஸ் கண்ணெதிரே இறங்கியது. என் பழைய ஃபைனல் எங்கே போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, யாருடைய செட்டிலோ 'அசல் பாகம்' என்ற பெயரில் உட்கார்ந்திருக்கும்.

பில்லில் 'எல்லா எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரும் மாற்றியது' என்றும் இருந்தது. பழைய செட்டில் காய்ந்துபோன கெப்பாசிட்டர் நியாயமான பிரச்சினை, மாற்றுவதும் நல்ல வேலை. எண்ணிப் பார்த்தால் புதுசு இரண்டே இரண்டு, இரண்டும் மூடியைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில். பவர் வயரில் 2 ஆம்பியர் ஃபியூஸ் இருந்த இடத்தில் 10 ஆம்பியர். இதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம். பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்துவிட்டால் உள்ளே ஒரு டயோடு ஷார்ட்டாகி ஃபியூஸைப் பறக்கவிட்டுச் செட்டைக் காப்பாற்றும். 10 ஆம்பியர் போட்டால் ஃபியூஸுக்கு முன்னால் போர்டின் செப்புத் தடமும் வயரும் எரியும். ஏமாற்று ஒரு பக்கம் இருக்கட்டும், இது தீப்பிடிக்கிற வேலை.

அப்புறம் அந்த ஆறு சானல். நண்பர் லென்ஸை வைத்து, அனுப்பும் பக்கத்துக் கிரிஸ்டல்களின் சால்டரை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றின் காலைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு வட்ட விரிசல். இரும்பு வைத்துப் புது ஈயம் தொட்டார். ஆறும் உயிர் பெற்றன. ரிப்பேர் அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் படம் எடுத்து அந்த ரிப்பேர்காரருக்கு அனுப்பினேன். செட்டைக் கொரியரில் போடுவதற்கு முன் நான் எடுத்து வைத்திருந்த படங்களையும் சேர்த்தேன். அதில் பழைய ஃபைனலின் எண்ணும், அதன் திருகின் மேல் தொழிற்சாலையில் வைத்த பெயிண்ட் பொட்டும் தெளிவாக இருக்கின்றன. "கொரியர்ல ஆடியிருக்கும் சார்" என்று ஒரு பதில். கொரியரில் ஆடினால் டிரான்சிஸ்டர் கால் வெட்டுப்படுமா என்று கேட்டேன். அதோடு பிளாக். பணம் நேரடியாக அவர் கணக்குக்குப் போனது, திரும்பவில்லை.

யாரிடமாவது கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், மூடியைத் திறந்து போர்டின் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். காயில் திருகுகளின் மேல் நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைத்தால் யாராவது திருகியது உடனே தெரியும். கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஒரு வரியைக் கேட்டதும் பின்வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பின்வாங்குவது நல்லது. 'பீக் பண்ணித் தருகிறேன், வாட்ஸ் ஏற்றித் தருகிறேன்' என்று நீங்கள் கேட்காமலே ஒருவர் ஆரம்பித்தால் செட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். மூன்றரை நான்கானால் எதிரில் கேட்பவருக்கு வித்தியாசமே தெரியாது. பழுதான சானலிலேயே, டம்மி லோடில், முன்னும் பின்னும் வீடியோ கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், கேட்பதற்கு முன்பே பழைய பாகங்களைக் கவரில் போட்டுக் கொடுப்பவர்கள்.

செட் இப்போது பரவாயில்லை. வெட்டிய காலுக்கு ஒரு துண்டுக் கம்பி ஒட்டி லிமிட்டர் திரும்ப வேலை செய்கிறது, வடிகட்டிக் காயிலை அனலைசரைப் பார்த்துச் சரிசெய்தாயிற்று, ஃபைனல் ஒரு செத்த செட்டிலிருந்து எடுத்தது, 2 ஆம்பியர் ஃபியூஸ் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. பாக்கி ஒன்று. வாங்கும் பக்கத்தில் 455 கிலோஹெர்ட்ஸ் ஐஎஃப் கேன் (தகரக் கூட்டுக்குள் இருக்கும் காயில்) ஒன்றின் ஃபெரைட் திருகை இரும்பு ஸ்க்ரூடிரைவரால் திருப்பி இரண்டாகப் பிளந்து வைத்திருக்கிறார் அந்த ரிப்பேர்காரர், பிளாஸ்டிக் குச்சியால் தொட வேண்டிய சாமான் அது. உள்ளே இறுகிக்கொண்டு அசைய மாட்டேன் என்கிறது, தூரத்துச் சிக்னல் கொஞ்சம் மங்கலாகத்தான் வருகிறது. உடைத்துப் போட்ட 23 சானல் செட் யாரிடமாவது இருந்தால், மஞ்சள் திருகு வைத்த ஐஎஃப் கேன் ஒன்று எனக்கு வேண்டும்.